ஸ்பேம்அசாசினுக்குப் பினாங்கு மெயிலைப் பழக்கியது

ஜார்ஜ்டவுன் லெபோ பசாரில் மசாலா இறக்குமதி செய்து மொத்த வியாபாரம் பார்க்கும் ஒரு குடும்ப நிறுவனம். கீழே கடை, மாடியில் ஆபீஸ். மெயிலுக்கு வெளியே யாரையும் நம்பாமல் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருக்கிறார்கள். டெபியன் இயங்குதளம், மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துக் காட்ட டோவ்காட், ஸ்பேம் என்ற குப்பை மெயிலை வடிகட்ட ஸ்பேம்அசாசின். ஆபீஸுக்கு வரும் மெயில் நான்கு மொழிகளில் வரும்: தூத்துக்குடியிலிருந்து தமிழ், அரசாங்கத்திலிருந்தும் லாரி கம்பெனியிலிருந்தும் மலாய், சீன வியாபாரிகளிடமிருந்து சீனம், மற்ற எல்லாரிடமிருந்தும் ஆங்கிலம்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இரண்டு. தூத்துக்குடி சப்ளையரின் இன்வாய்ஸ்கள் ஜங்க் ஃபோல்டரில் போய் விழுகின்றன. மலாய் மொழியில் வரும் வட்டிக்கடன் விளம்பரங்களோ நேராக இன்பாக்ஸில் வந்து உட்காருகின்றன. கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னது இதுதான்: "தம்பி, பட்டர்வொர்த்ல கண்டெய்னர் இறங்கிடுச்சு. பில் வந்துச்சா வரலையான்னே தெரியல. ஏஜென்ட் காலையிலேர்ந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்காரு." பேப்பர் இல்லாமல் துறைமுகத்திலிருந்து சரக்கை எடுக்க முடியாது, நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். ஒரு மெயில் தவறான ஃபோல்டருக்குப் போனால் இங்கே நேரடியாக ரிங்கிட் நஷ்டம்.

எல்லா வேலையும் கறுப்புத் திரையில், கட்டளை வரியில்தான் செய்தேன். இந்த மென்பொருளுக்கு அதுதான் இயல்பான இடம். தான் ஏன் ஒரு மெயிலை ஒதுக்கினேன் என்பதை ஸ்பேம்அசாசின் மறைப்பதே இல்லை; கேட்கத் தெரிந்தால் வரி வரியாகச் சொல்லும். ஊகிக்க வேண்டிய அவசியமே கிடையாது.

2001-இல் ஜஸ்டின் மேசன் பெர்ல் மொழியில் எழுதி வெளியிட்டது இது. பிறகு அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் போயிற்று. வேலை செய்யும் விதம் எளிது. நூற்றுக்கணக்கான விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சில விதிகள் கூட்டும், சில கழிக்கும். மொத்தம் 5.0-ஐத் தொட்டால் ஸ்பேம். எந்தெந்த விதி பிடித்தது என்ற பட்டியல் ஒவ்வொரு மெயிலின் தலைப்பிலும் (ஹெடர்) எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் என்ற வரியில் எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, ஜங்க்கில் கிடந்த ஒரு தூத்துக்குடி இன்வாய்ஸை மூல வடிவில் எடுத்து, ஸ்பேம்அசாசின் கட்டளைக்கு டெஸ்ட்டின் "டி" சுவிட்ச் போட்டு ஊட்டியது. அந்த சுவிட்ச் மெயிலைச் சோதித்து, கடைசியில் புள்ளி அட்டவணையை அச்சிடும். அட்டவணையின் உச்சியில் இருந்தது "அன்வான்டட் லேங்குவேஜ் பாடி" என்ற விதி: 2.8 புள்ளி. அதாவது, இந்த ஆபீஸுக்கு வேண்டாத மொழியில் எழுதப்பட்ட மெயில். சப்ளையர் சப்ஜெக்ட் வரி முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கிற பழக்கம் உள்ளவர். அதற்கு இன்னொரு அரைப்புள்ளி.

இரண்டும் சேர்ந்தால்கூட 5.0-ஐ எட்டாதே என்று உள்ளமைவுக் கோப்பான லோக்கல்.சிஎஃப்-ஐத் திறந்தேன். பதில் இரண்டு வரிகளில் இருந்தது. ஒரு வரியில், முன்பு பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் எல்லையை 5.0-லிருந்து 3.0-க்கு இறக்கியிருந்தார். இன்னொரு வரியில், ஏற்கத்தக்க மொழிகள் என்று ஆங்கிலத்தையும் மலாயையும் மட்டும் எழுதியிருந்தார். பாதி வியாபாரம் தமிழில் நடக்கும் கடையில் தமிழ் வேண்டாத மொழியாக இருந்திருக்கிறது.

மொழியைக் கண்டுபிடிப்பது டெக்ஸ்ட்கேட் என்ற செருகுநிரல். எழுத்துச் சேர்க்கைகளின் எண்ணிக்கையை வைத்து இது இன்ன மொழி என்று கணிக்கும். அதற்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அதன் மொழிப் பட்டியலில் தமிழுக்கென்று "டிஏ" குறியீடு இருக்கிறது. நாம்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம், மலாய், தமிழ், சீனம் நான்கையும் சேர்த்தேன். கூடவே இந்தோனேசிய மொழியையும். மலாயும் இந்தோனேசியமும் எழுத்துச் சேர்க்கையில் அவ்வளவு நெருக்கம். சுங்கத்துறைக் கடிதம் ஒன்று இந்தோனேசியமாகக் கணிக்கப்பட்டு 2.8 வாங்குவதை நான் விரும்பவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் மெயில்களுக்கு ஆபத்து குறைவு. மொழியை உறுதியாகச் சொல்ல முடியாதபோது டெக்ஸ்ட்கேட் புள்ளி எதுவும் போடாது.

எல்லையையும் 5.0-க்கே திருப்பினேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. விதிகளின் புள்ளிகள் எல்லாமே 5.0 என்ற எல்லையை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டவை. ஸ்பேம் அதிகம் நுழைகிறது என்றால் எல்லையை இறக்குவது தீர்வல்ல. ஸ்பேமுக்குப் புள்ளி ஏன் ஏறவில்லை என்று பார்ப்பதுதான் தீர்வு. எல்லையை இறக்கினால் நல்ல மெயில்தான் முதலில் அடிபடும், அதுவும் சப்ஜெக்ட் வரியைப் பெரிய எழுத்தில் அடிக்கும் நேர்மையான வியாபாரியின் மெயில்.

கோப்பைச் சேமித்ததும் "லின்ட்" சுவிட்ச். உள்ளமைவில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் ஒன்றும் பேசாது. அந்த மௌனம் கிடைத்த பிறகே, ஸ்பேம்அசாசினைப் பின்னணியில் ஓட்டும் ஸ்பேம்டி சேவையை மறுபடி ஏற்ற வேண்டும். டெபியன் 12-இல் ஸ்பேம்டி தனிப் பொதியாகப் பிரிந்துவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து சேவையின் பெயரைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி இரண்டாவது புகார். வட்டிக்கடன் மெயில் ஏன் தப்புகிறது?

அந்த மெயில்களின் அட்டவணையில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் கண்ணில் பட்டது. "பேயஸ்" என்று தொடங்கும் விதி எதுவும் இல்லை. பேயஸ் என்பது ஸ்பேம்அசாசினின் கற்கும் பகுதி. நாம் காட்டும் ஸ்பேமையும் நல்ல மெயிலையும் பார்த்துச் சொற்களின் நிகழ்தகவைக் கற்றுக்கொண்டு, புது மெயில் வரும்போது பேயஸ் 00 (நல்லது) முதல் பேயஸ் 99 (ஸ்பேம்) வரை ஏதாவது ஒரு முத்திரை குத்தும். இது விழித்திருந்தால் அநேகமாக ஒவ்வொரு மெயிலிலும் அதன் பெயர் இருக்கும். எங்குமே இல்லை என்றால் பேயஸ் தூங்குகிறது.

கற்றுக்கொடுக்கும் கட்டளை எஸ்ஏ-லேர்ன். அதற்கு "டம்ப் மேஜிக்" என்று சொன்னால் இதுவரை எத்தனை ஸ்பேம், எத்தனை நல்ல மெயில் கற்றது என்ற கணக்கைக் காட்டும். சர்வரின் நிர்வாகியான ரூட் பயனராக ஓட்டினேன்: ஸ்பேம் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில், நல்ல மெயில் பூச்சியம். ஸ்பேம்டி எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று பிஎஸ் கட்டளையில் பார்த்தால், இந்த சர்வரில் அது டெபியன்-ஸ்பேம்டி. அந்தப் பயனராக சூடோ போட்டு அதே கட்டளையை ஓட்டினேன்: இரண்டுமே பூச்சியம்.

விஷயம் விளங்கிவிட்டது. பேயஸ் தரவுத்தளம் பயனருக்குப் பயனர் தனித்தனி. நேரம் வைத்துக் கட்டளைகளை ஓட்டும் கிரான் வழியாக ஒவ்வொரு இரவும் ஜங்க் ஃபோல்டரைக் கற்றுக்கொடுத்தது ரூட். மெயிலை வடிகட்டியது டெபியன்-ஸ்பேம்டி. கற்றது ஓர் ஆள், பரீட்சை எழுதியது வேறோர் ஆள். போதாததற்கு, ஸ்பேமில் 200, நல்லதில் 200 என்று இரண்டிலும் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் பேயஸ் வாயே திறக்காது. நல்ல மெயிலைக் காட்டாமல் ஸ்பேமை மட்டும் எத்தனை ஆயிரம் ஊட்டினாலும் பயனில்லை.

ரூட்டின் தரவுத்தளத்தை "பேக்கப்" சுவிட்சில் எடுத்து, சரியான பயனரிடம் "ரெஸ்டோர்" செய்து, நல்ல மெயிலை மட்டும் புதிதாகச் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது கற்றது ஜங்க் ஃபோல்டரை அப்படியே. அந்த ஜங்க்கில்தான் தூத்துக்குடி இன்வாய்ஸ்களும் கிடந்தன. நம் சப்ளையரையே ஸ்பேம் என்று மனப்பாடம் செய்த தரவுத்தளம் அது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

முதலில் இடத்தை நிலைப்படுத்தினேன். லோக்கல்.சிஎஃப்-இல் பேயஸ்-பாத் என்று எழுதி, யார் ஓட்டினாலும் ஒரே தரவுத்தளத்தைத் தொடும்படி செய்தேன். இதில் பலர் தடுக்கி விழும் ஒரு குழி இருக்கிறது: அந்தப் பாதையின் கடைசித் துண்டு ஃபோல்டரின் பெயர் அல்ல, கோப்புப் பெயரின் முன்னொட்டு. "பேயஸ்" என்ற ஃபோல்டருக்குள் வைக்க வேண்டுமானால் பாதையில் "பேயஸ்/பேயஸ்" என்று இரண்டு தடவை வர வேண்டும். அதன் பிறகும் கற்பித்தல் கட்டளையை ரூட்டாக ஓட்டக்கூடாது. ஓட்டினால் கோப்புகளின் உரிமை ரூட்டுக்குப் போய், ஸ்பேம்டியால் எழுத முடியாமல் ஆகிவிடும்.

தானாகக் கற்கும் வசதியையும் தற்காலிகமாக அணைத்தேன். இயல்பான அமைப்பில், 0.1-க்குக் கீழே புள்ளி வாங்கும் மெயிலை நல்லது என்றும் 12-க்கு மேலே போனால் ஸ்பேம் என்றும் அது தானே கற்றுக்கொள்ளும். ஆங்கில ஸ்பேம் மட்டும் வரும் ஊரில் இது சரிப்படும். இங்கே மலாய் வட்டிக்கடன் மெயில் ஏறக்குறைய பூச்சியத்தில் உள்ளே வருகிறது. தானாகக் கற்க விட்டால் அதை நல்ல மெயில் என்றே கற்கும். கற்கக் கற்க இன்னும் சுலபமாக உள்ளே விடும்.

மெயில்களைப் பிரிக்கும் வேலையை நான் செய்யவில்லை, செய்யவும் கூடாது. அடுத்தவர் கடிதத்தை நான் ஏன் படிக்க வேண்டும்? அக்காவும் மற்ற இருவரும் தங்கள் பெட்டியில் "கற்க-நல்லது", "கற்க-குப்பை" என்று இரண்டு ஃபோல்டர் திறந்து, அவரவர் மெயிலை அவரவரே பிரித்துப் போட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: நான்கு மொழியிலும் நல்லது இருக்கட்டும், முடிந்தவரை நான்கு மொழியிலும் குப்பையும் இருக்கட்டும். அந்த ஃபோல்டர்களை டெபியன்-ஸ்பேம்டி படிக்கக்கூடிய ஒரு தற்காலிக இடத்துக்கு நகலெடுத்து, எஸ்ஏ-லேர்னுக்கு "ஹேம்" சுவிட்சில் நல்லதையும் "ஸ்பேம்" சுவிட்சில் குப்பையையும் ஊட்டி, பிறகு நகலை அழித்தேன். யாராவது தவறாகப் போட்டது தெரியவந்தால் அதே மெயிலைச் சரியான சுவிட்சில் மறுபடி கொடுத்தால் போதும். பழையதை மறந்து புதியதைக் கற்கும்.

இருநூறு இருநூறு தாண்டியதும் தலைப்புகளில் பேயஸ் முத்திரை வரத் தொடங்கியது. அப்போதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி வந்தது.

டிபக்கின் "டி"யை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடும் சுவிட்ச் பிழைத்திருத்த விவரங்களைக் கொட்டும். அதோடு "பேயஸ்" என்று சேர்த்தால் கற்கும் பகுதியின் விவரம் மட்டும் வரும்: எந்தச் சொல்லை எடுத்தது, அதற்கு என்ன நிகழ்தகவு. ஆங்கில, மலாய் மெயில்களில் முழுச் சொற்களாக வரிசையாக வந்தது. தமிழ் மெயிலில் சில சொற்கள் முழுசாக வந்தன. பல சொற்கள் "யூ8" என்ற முன்னொட்டோடு ஒற்றை ஒற்றைக் குறியாகச் சிதறி வந்தன.

காரணம் பைட் கணக்கு. 15 பைட்டுக்கு மேல் நீளமான துண்டை பேயஸ் முழுச் சொல்லாக வைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் 15 பைட் என்றால் 15 எழுத்து; அதைத் தாண்டும் சொல் அபூர்வம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அதிலும் மெய்யோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆகவே ஐந்து குறி வரை முழுச் சொல், ஆறாவது வந்தால் உடைந்துவிடும். கடைச் சரக்கையே வைத்து எண்ணிப் பார்த்தேன். "மிளகு": ம, இகரக் குறி, ள, க, உகரக் குறி, ஐந்து, 15 பைட், தப்பித்தது. "மல்லி"யும் ஐந்துதான். "மிளகாய்" ஏழு, 21 பைட், ஏழு துண்டு. "மஞ்சள்" ஆறு, "சீரகம்" ஆறு, இரண்டும் உடைந்தன. "கடன்", "பணம்", "விலை" மூன்றும் நான்கு குறிகள், முழுசாக நிற்கும்.

உடைந்தால் என்ன நஷ்டம்? "ம" என்ற ஒற்றைக் குறிக்குத் தனியாகப் பொருள் இல்லை. அது இருக்கிறது என்பதிலிருந்து பேயஸ் கற்கக்கூடியது ஒன்றுதான்: இது தமிழ் மெயில். இந்த ஆபீஸில் தமிழ் மெயில் அநேகமாக எல்லாமே நல்ல மெயில். ஆகவே தமிழ்க் குறிகள் எல்லாம் நல்லது என்ற பக்கம் சாயும். தூத்துக்குடி இன்வாய்ஸுக்கு பேயஸ் 00 விழுந்து புள்ளி குறையும். நமக்கு நல்லதுதான். ஆனால் அதே கதவு வழியாக, தமிழில் எழுதப்பட்ட கடன் விளம்பரமும் சோதிட விளம்பரமும் ஆன்லைன் சூதாட்ட அழைப்பும் சலுகையோடு உள்ளே வரும்.

தமிழைப் பழக்குவது என்றால் மொழிப் பட்டியலில் "டிஏ" சேர்ப்பதோடு முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். தமிழ் ஸ்பேமையும் தேடிப் பிடித்து ஊட்ட வேண்டும். பேயஸுக்கு எட்டாத இடத்தில் நாமே விதி எழுத வேண்டும்.

தமிழில் விதி எழுதலாமா? தாராளமாக. 4.0 பதிப்பிலிருந்து மெயிலின் உடல் எந்தக் குறியாக்கத்தில் வந்தாலும் முதலில் யூடிஎஃப்-8-க்கு மாற்றப்படுகிறது. லோக்கல்.சிஎஃப்-ஐயும் யூடிஎஃப்-8-இல் சேமித்தால், சரிவுக்கோடுகளுக்கு நடுவே "உடனடி கடன்" என்று தமிழிலேயே எழுதலாம், பிடிக்கும். சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். விதிகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கின்றன. ஆகவே விதியில் "ஏதாவது ஓர் எழுத்து" என்று பொருள்படும் முற்றுப்புள்ளி ஒன்று ஒரு தமிழ்க் குறிக்குச் சமமாகாது. சதுர அடைப்புக்குள் தமிழ் எழுத்துகளை வைத்து "இதில் ஏதாவது ஒன்று" என்று சொல்வது வேலை செய்யாது. அதற்குப் பதில் வட்ட அடைப்புக்குள் செங்குத்துக் கோடு போட்டுத் தனித்தனியாக எழுத வேண்டும். சொல் எல்லையைக் குறிக்கும் "பேக்ஸ்லாஷ் பி" தமிழ்ச் சொல்லின் ஓரத்தில் ஏமாற்றிவிடும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று ஒகரக் குறி. "கொடு" என்ற சொல்லில் உள்ள "கொ"வை இரண்டு விதமாகக் கணினியில் எழுதலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வோடு எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டில் வேறு வேறு. நம் விதி ஒன்றை எழுதி மெயிலில் மற்றது வந்தால் பிடிக்காது. ஒ, ஓ, ஔ குறி வரும் இடங்களில் இரண்டு வடிவத்தையும் எழுதிவிட வேண்டும். நான் எழுதிய விதிகளில் முடிந்தவரை அந்த எழுத்துகள் வராத சொற்களையே தேர்ந்தெடுத்தேன்.

மலாய் வட்டிக்கடனுக்கு விதி எழுதியது இதைவிடச் சுலபம். மென்பொருளோடு வரும் விதிகளில் பெரும்பகுதி ஆங்கில ஸ்பேமைப் பார்த்து எழுதப்பட்டவை. "பின்ஜாமான் பெரிபாடி", அதாவது தனிநபர் கடன், என்றால் அவற்றுக்கு ஒன்றும் புரியாது. அதற்காக அந்தச் சொல்லுக்கு மட்டும் மூன்று புள்ளி கொடுத்தால் நம் பேங்க்கிலிருந்து வரும் உண்மையான மெயில் மாட்டும். எனவே நான்கு துணை விதிகள் எழுதினேன். ஒன்று, "பின்ஜாமான்". இரண்டு, "கெலுலுசான் செகெரா", உடனே அங்கீகாரம் என்ற வாக்கு. மூன்று, கறுப்புப் பட்டியலில் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் வரிகள். இவற்றில் பேங்க் நெகாராவின் கடன் பதிவேடான சிசிரிஸின் பெயர் அடிக்கடி வரும். நான்கு, வாட்ஸ்அப் எண்ணுக்கு நேராகக் கொண்டுபோகும் இணைப்பு. துணை விதியின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டால் அதற்குத் தனிப் புள்ளி கிடையாது. மேலே ஒரு மெட்டா விதி: நான்கையும் கூட்டினால் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் 3.5 புள்ளி. பேங்க் மெயிலில் ஒன்றோ இரண்டோ வரலாம். மூன்று சேர்ந்து வருவது வட்டிக்காரனின் மெயிலில்தான்.

வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்-இன் பெயரில் வரும் மோசடி மெயில் வேறு வகை. மின்-விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வியாபாரிகள் எல்லாரும் எல்எச்டிஎன் மெயிலை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏமாற்றுபவனுக்கு அது வசதி. இங்கே மொழியைப் பார்த்துப் பயனில்லை. உண்மையானதை அப்படியே நகலெடுத்திருப்பான். அனுப்புநரின் பெயரையும் முகவரியையும் ஒப்பிடுவதுதான் வழி. ஸ்பேம்அசாசினில் ஃபிரம் தலைப்பின் பெயர்ப் பகுதியையும் முகவரிப் பகுதியையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். பெயரில் "எல்எச்டிஎன்" அல்லது "லெம்பாகா ஹாசில்" இருந்து, முகவரி ஹாசில்.ஜிஓவி.எம்ஒய் என்று முடியாவிட்டால் 4 புள்ளி. பெயரில் "ஹாசில்" என்று மட்டும் தேடக்கூடாது. மலாயில் அது விளைச்சலுக்கும் பொதுவான சொல். "ஹாசில் லாவுட்" என்று பெயர் வைத்த கடல் உணவு வியாபாரி பினாங்கில் இல்லாமலா இருப்பார்?

எந்தப் புது விதியையும் முதல் நாளே முழுப் புள்ளியோடு இறக்கவில்லை. புள்ளி எதுவும் குறிப்பிடாமல், பெயரை டெஸ்ட்டின் "டி" எழுத்தும் அடிக்கோடும் கொண்டு தொடங்கினால் அந்த விதி 0.01 மட்டுமே போடும். தலைப்பில் பெயர் தெரியும், தீர்ப்பை மாற்றாது. சில நாள் அப்படி ஓடவிட்டு, எந்த மெயில்களில் அது வந்திருக்கிறது என்று கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டுப் பார்த்து, நல்ல மெயில் எதிலும் இல்லை என்று தெரிந்த பிறகே பெயரை மாற்றி உண்மைப் புள்ளி கொடுத்தேன். கடையின் வியாபாரத்தோடு விளையாட முடியாது.

விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைப்புகளில் இன்னொன்றும் தொடர்ந்து கண்ணில் பட்டது: "யூஆர்ஐபிஎல் பிளாக்ட்", புள்ளி 0.001. புள்ளி சின்னதாக இருப்பதால் கவனிக்காமல் விடுவது சுலபம். அது சொல்லும் செய்தி பெரியது. மெயிலில் உள்ள இணைப்புகள் கறுப்புப் பட்டியலில் உள்ளனவா என்று, இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் வழியாகக் கேட்கும்போது, கேள்வியே மறுக்கப்படுகிறது என்பது அதன் பொருள். சர்வர் ஒரு பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் அதே வழியாகக் கேட்பதால், பட்டியல்காரர்களுக்கு யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரியாது, மொத்தமாக மறுத்துவிடுகிறார்கள். ஸ்பேம்ஹாஸும் இப்படித்தான்: பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விக்கு 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும்.

அன்பவுண்ட் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருளை அதே சர்வரில் நிறுவினேன். வேறு எவருக்கும் கேள்வியைத் தள்ளிவிடாமல், மூல சர்வர்களிலிருந்து தானே தேடிக்கொள்ளும்படி அதை வைப்பது முக்கியம். தள்ளிவிட்டால் நிறுவியதில் பயனே இல்லை. லோக்கல்.சிஎஃப்-இல் டிஎன்எஸ்-சர்வர் என்ற வரியில் 127.0.0.1 என்று எழுதினேன். சோதிக்க, டிக் கட்டளையில் ஸ்பேம்ஹாஸின் ஜென் பட்டியலிடம் 2.0.0.127 என்று தலைகீழாக எழுதிய சோதனை முகவரியைக் கேட்டேன். 127.0.0.2 முதலான விடைகள் வந்தன, வழி திறந்துவிட்டது. அன்று சாயங்காலமே வந்த குப்பை மெயில்களின் புள்ளி கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. எல்லையை 3.0-க்கு இறக்கத் தூண்டியதும் இந்த அடைப்பாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட் பற்றியும் சொல்ல வேண்டும். "விதி மாறவா போகிறது, விடுங்க தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். 2010 ஜனவரி 1-ஐ அவருக்குச் சொன்னேன். தேதி வெகு எதிர்காலத்தில் இருந்தால் ஸ்பேம் என்று ஒரு விதி இருந்தது. எதிர்காலம் 2010-இல் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருந்தது. புத்தாண்டு பிறந்ததும் உலகமெங்கும் நல்ல மெயில்களுக்கும் அந்தப் புள்ளி ஏறியது. திருத்தம் எஸ்ஏ-அப்டேட் வழியாகத்தான் வந்தது. புதுப்பிக்காத சர்வர்கள் தொடர்ந்து அவதிப்பட்டன.

இந்தக் கட்டளையின் வெளியேறும் எண் வழக்கத்துக்கு மாறானது. 0 என்றால் புதிய விதிகள் வந்து நிறுவப்பட்டன. 1 என்றால் பிழை அல்ல, புதிதாக ஒன்றும் இல்லை. 2-ம் அதற்கு மேலும் வந்தால்தான் உண்மையான சிக்கல். அதனால் எஸ்ஏ-அப்டேட்டையும் ஸ்பேம்டி மறுஏற்றத்தையும் இரட்டை உம்மைக்குறியால் இணைத்தால் போதும். புது விதி வந்த நாளில் மட்டும் சேவை மறுபடி ஏறும். பழைய ஸ்கிரிப்ட்டோ 1-ஐப் பிழையாக எடுத்துக்கொண்டு தினமும் எச்சரிக்கை மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 3.4.2-க்கு முந்திய பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு 2020 மார்ச்சிலிருந்து விதிகள் வருவதே நின்றுவிட்டது. அவர்கள் முதலில் பதிப்பை உயர்த்த வேண்டும்.

எல்லாம் ஓடுகிறதா என்று முழு வழியையும் சோதிக்க ஜிடியூப் இருக்கிறது. 68 பைட் நீளமுள்ள ஒரு சோதனை வரி. மெயிலில் வைத்து அனுப்பினால் 1000 புள்ளி விழும். வெளியிலிருந்து அனுப்பினேன், ஜங்க்கில் போய் விழுந்தது. போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து டோவ்காட் வரை சங்கிலி சரி.

முக்கிய சப்ளையர்களுக்கு வெல்கம்லிஸ்ட்-ஆத் என்ற வரியில் இடம் கொடுத்தேன். முகவரியை மட்டும் பார்த்து உள்ளே விடும் வரியும் இருக்கிறது. அதை நான் எப்போதும் பயன்படுத்துவதில்லை, ஃபிரம் முகவரியை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆத் என்று முடியும் வரி, மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சோதனையில் தேறினால்தான் சலுகை தரும். இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி நடக்கிற காலத்தில் இந்த வேறுபாடு பெரிது. தூத்துக்குடிக்காரர் ஜிமெயிலில் இருக்கிறார். அவருடைய முழு முகவரியை எழுதினேன், டொமைனை எழுதவில்லை. ஜிமெயில் முழுவதற்கும் கதவைத் திறக்கக்கூடாதல்லவா.

கடைசியாக பேக்கப். ஞாயிறு இரவு டெபியன்-ஸ்பேம்டி பயனராக எஸ்ஏ-லேர்ன் பேக்கப் ஓடி, ஒரு சாதாரண உரைக் கோப்பாகப் பேயஸ் தரவுத்தளம் வெளியே வரும், கூடவே லோக்கல்.சிஎஃப்-இன் நகலும். இரண்டும் கடையின் வேறொரு கணினிக்குப் போகும். "கற்க" ஃபோல்டர்கள் அப்படியே இருக்கின்றன. தவறிப்போய் ஏதாவது வந்தால் அக்கா அதில் போடுகிறார். இரவு கிரான் எடுத்துக்கொள்கிறது, இந்த முறை சரியான பயனரின் பெயரில். தானாகக் கற்கும் வசதியை இன்னும் திறக்கவில்லை. தமிழ்க் குப்பை போதுமான அளவு சேர்ந்து, அவற்றுக்குப் பேயஸ் 50-க்கு மேல் முத்திரை விழுவதைப் பார்த்த பிறகு திறப்பேன்.